கோழிக்குக் காதில் சீழ் கட்டினால்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கரூரிலிருந்து:

போன மாசியில் எங்கள் செவலைப் பெட்டை தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நின்றது. கம்பைப் போட்டால் குறி தவறித் தரையைக் கொத்தும். நிமிடத்துக்கு ஒருமுறை காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறியும். கழுத்து சாய்ந்தாலே வெள்ளைக்கழிச்சல்தான் என்று மாமியார் பயந்துவிட்டார். அந்தப் பயம் நியாயமானதுதான், ராணிக்கெட் என்கிற அந்த நோயிலும் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஆனால் இதற்குக் கழிச்சல் இல்லை, இரை எடுத்தது, கூட இருந்த ஆறு கோழிகளும் நன்றாகவே மேய்ந்தன. தடுப்பு மருந்தும் விடாமல் போட்டிருந்தோம்.

சரி, காதைப் பார்ப்போம் என்று பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கோழிக்குக் காது கண்ணுக்குப் பின்னால், காதுமடலுக்குச் சற்று மேலே, சின்ன இறகுகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வலப்பக்கம் விலக்கினால் சுத்தமான ஓட்டை. இடப்பக்கம் ஓட்டையே தெரியவில்லை. துவரம்பருப்பு அளவுக்கு மஞ்சளாக ஒன்று, சீம்பால் கட்டின மாதிரி, அடைத்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் அழுகல் வாடை.

பார்த்ததும் இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டேன். பாதிதான் வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. செவலை காலை உதறிக் கத்தியதில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

மறுநாள் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நமக்குச் சீழ் நீர்த்து வடியும். கோழிக்கு அது கட்டியாக இறுகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தானாக வடியாது. இழுத்தால் தோலும் சேர்ந்து கிழியும். காதுக்குழாயும் ரொம்பக் குட்டை, செவிப்பறை கிட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஊறவைத்து, இளகவைத்து, அதுவாகக் கழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் காலையும் மாலையும் இதுதான் வேலை. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுவேன். பஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து, காதின் மேல் ஐந்து நிமிடம் ஒத்திப் பிடிப்பேன். உள்ளே ஊற்றவே மாட்டேன். இளகினதை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பது, ஒட்டியிருப்பதைத் தொடாமல் விடுவது. கடைசியாக டாக்டர் கொடுத்த களிம்பு, ஒரு அரிசி அளவு. பட்சி பஞ்சாரத்துக்குள் தனியாக இருந்தது, மற்றவை புண்ணைக் கொத்திவிடும் என்பதால். குறி தவறுகிற கோழிக்கு அகலமான தட்டில் ஊறின குருணை வைத்தால் சுலபமாகத் தின்னும்.

ஐந்தாம் நாள் மாலை பஞ்சை எடுத்தபோது மிச்சக் கட்டி பஞ்சோடு ஒட்டிக்கொண்டு முழுசாக வந்துவிட்டது. உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமான குழி. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. தலை நேராக நிற்க இன்னும் பத்து நாள் ஆனது. மருந்து போட்ட நாட்களிலும், அதற்குப் பின் டாக்டர் சொன்ன நாள்வரையும் முட்டையை நாங்கள் சாப்பிடவில்லை.

மேலூரிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் இதே தொல்லைக்குக் காரணம் தெள்ளு. கண்ணோரம், காதோரம் எள்ளை அப்பி வைத்த மாதிரி கூட்டமாக ஒட்டியிருக்கும். மற்ற தெள்ளு மாதிரி குதித்து ஓடாது, தோலில் வாயைக் குத்திக்கொண்டு அப்படியே கிடக்கும். கோழி சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அதில் சீழ் பிடித்துவிட்டது. வாஸ்லைனை, கண்ணில் படாமல், அதன் மேல் கனமாகத் தடவினேன், மூச்சடைத்துச் செத்தது. மறுநாள் இடுக்கியால் எடுக்க வந்தது.

கோழியைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. தெள்ளின் முட்டை கீழே விழுந்து மண்ணில்தான் பொரிக்கிறது. கூட்டுத் தரையைச் சுரண்டி, பழைய வைக்கோலை எரித்து, வெயில் காட்டி, சுண்ணாம்பு போட்டேன். கூட்டுப் பக்கத்திலேயே படுக்கும் எங்கள் நாயின் காதிலும் அதே தெள்ளு இருந்தது. அதையும் கவனித்த பிறகுதான் நின்றது.

பட்டுக்கோட்டையிலிருந்து:

எங்கள் சேவலுக்குக் காதில் சீழ் மட்டுமில்லை. ஒரு பக்க முகம் வீங்கி, மூக்கில் நாற்றமான சளி. காதை மட்டும் கழுவிக்கொண்டு நான்கு நாள் வீணாக்கிவிட்டேன், அதற்குள் மூன்று பெட்டைகளுக்குத் தொற்றிவிட்டது. சளிநோய்தான் மூலம் என்று சொல்லி, தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார்கள். சேவல் போய்விட்டது, பெட்டைகள் தப்பின. அக்கா, எங்கள் அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார்கள். விடலாமா?

கரூரிலிருந்து:

வேண்டாம் தம்பி. செவிப்பறை கிழிந்திருந்தால் நமக்குத் தெரியாது, எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்விடும். புழுதியில் குளிக்கிற பட்சி, எண்ணெயில் மண் அப்பிக்கொள்ளும். நம் வீட்டில் மிச்சமிருக்கும் மனிதக் காதுச் சொட்டும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பறவைக்கு எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும் என்று எங்கள் டாக்டர் கண்டித்துச் சொன்னார். முகம் வீங்கினாலோ, மூக்கு ஒழுகினாலோ, இரண்டாவது கோழிக்கு வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

செவலை இப்போது பதினொரு முட்டையோடு அடையில் இருக்கிறது. இரை தின்ன இறங்கும்போது ஒருமுறை பிடித்து, இடது காது இறகை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.