மேப்பிள் பாணி (சிரப்): அடியிலை மணல், மேலை பூஞ்சணம். எங்கை பிழைக்குது?

பின்வளவு:
வணக்கம். ஸ்காபரோவில் எங்கட பின்வளவிலை பெரிய மேப்பிள் மரம் ஒண்டு நிக்குது. இந்த மார்ச்சில் அதிலை இரண்டு குழாய் இறக்கி நீர் எடுத்தன். சேர்ந்தது 40 லீற்றர் அளவில். வெளியிலை புரொப்பேன் அடுப்பு வைச்சு, அகலமான தட்டைச் சட்டியில் வத்தக் காய்ச்சினன். வெப்பமானி 104 பாகை காட்டினதும் இறக்கி, கோப்பி வடிக்கிற கடதாசியில் விட்டன். அது உடனை அடைச்சுப்போச்சு. பிறகு பருத்தித் துணியிலை வடிச்சு ஜாம் போத்தல்களில் ஊத்தினன். மொத்தம் ஒன்றரை லீற்றர் வந்தது.

நிறம் வடிவு, மணமும் திறம். ஆனால் போத்தல் அடியிலை சாம்பல் நிறத்தில் மணல்மாதிரி இறங்கியிருக்கு, வாயில் வைச்சால் நறநறக்குது. பாணியும் தண்ணியாய் ஓடுது. குசினித் தட்டிலை வைச்ச இரண்டு போத்தலில் மேலை வெள்ளையாய்ப் பூஞ்சணம். குளிர்சாதனப்பெட்டியில் உள்ளதுகள் இன்னும் பழுதில்லை.

104 எண்டுதானே எல்லாரும் சொல்லினம்? மணல் சட்டியிலை இருந்து கழண்டதோ? பூஞ்சணம் பிடிச்சதைத் திருப்பிக் காய்ச்சலாமோ?

குளிர்தேசம்:
மணலைப் பற்றி முதல் சொல்லுறன், அது பயப்பிடுற சாமானில்லை. சட்டியிலை இருந்தும் வரேல்லை, மரத்திலை இருந்துதான் வந்தது. நீரில் கரைஞ்சிருக்கிற கல்சியமும் மலிக் அமிலமும் வத்த வத்தச் சேர்ந்து கல்சியம் மலேற்றாய் இறங்கும். எல்லா மேப்பிள் பாணியிலையும் உண்டாகும், கடைக்காரர் வடிச்சு எடுத்துப்போடுவினம், அவ்வளவுதான்.

கோப்பிக் கடதாசி இதுக்குச் சரிவராது. கம்பளி அல்லது செயற்கை நார்த் தடித் துணியிலை கூம்பு மாதிரித் தைச்ச வடி விக்குது, அதை வாங்குங்கோ. பாவிக்க முதல் சுடுதண்ணியிலை நனைச்சுப் பிழியவேணும், காய்ஞ்ச வடி பாணியைக் குடிச்சுப்போடும். பாணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அது தானாய் இறங்கும்வரை விடுங்கோ. பொறுமையில்லாமல் வடியைப் பிழிஞ்சால் மணலும் சேர்ந்து வந்திடும். கழுவும்போது சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது, அடுத்த வருசப் பாணியிலை அந்த மணம் நிக்கும்.

காவேரிக்கரை:
வாட்டர்லூவில் இருந்து எழுதுகிறேன். மணலை விடுங்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பாணிக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 86ஐ நீரின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். அப்படியானால் உங்கள் 40 லிட்டருக்கு ஒரு லிட்டர்கூட முழுசாக வந்திருக்கக் கூடாது. ஒன்றரை லிட்டர் வர நீரில் 3.2 சதவீதம் சர்க்கரை இருந்திருக்க வேண்டும். நல்ல வெயிலில் தனியாக நிற்கும் சர்க்கரை மேப்பிளுக்கு அது நடக்கக்கூடியதுதான். உங்கள் மரம் எந்த வகை?

பின்வளவு:
வகை தெரியாது. மொட்டுகள் குண்டாய், சிவப்பும் பச்சையும் கலந்தமாதிரி இருக்கு. கோடையில் இலைக்காம்பை முறிச்சால் பால் வரும்.

காவேரிக்கரை:
பால் வந்தால் நார்வே மேப்பிள். ரொறன்ரோ முழுக்க அதுதான் நட்டு வைத்திருக்கிறார்கள். சர்க்கரை மேப்பிளின் மொட்டு மெல்லிசாக, கூராக, பழுப்பு நிறத்தில் இருக்கும், காம்பில் பால் வராது. நார்வே மேப்பிளிலும் தாராளமாக நீர் எடுக்கலாம், ஆனால் இனிப்பு பொதுவாகக் குறைவு. ஆக உங்கள் ஒன்றரை லிட்டர் இன்னும் பாணி ஆகவில்லை, பாதி வழியில் இறக்கிவிட்டீர்கள். நீர் 2 சதவீதம் என்றே வைத்தாலும் உங்கள் பாட்டிலில் இருப்பது 45 பிரிக்ஸ் (எடையில் சர்க்கரைச் சதவீதம்) அளவில்தான் இருக்கும். கனடாவில் பாணி என்று விற்க குறைந்தது 66 பிரிக்ஸ் வேண்டும். அந்த அடர்த்தி வந்துவிட்டால் பூஞ்சணத்துக்கு வளரக் கிடைக்கும் தண்ணீர் மிகவும் குறைந்துவிடும். இப்போது நிறையக் கிடைக்கிறது.

பின்வளவு:
அப்ப வெப்பமானி ஏன் 104 காட்டினது?

குளிர்தேசம்:
தட்டைச் சட்டி எண்டு சொன்னியள். கடைசியில் பாணி ஒரு விரல் ஆழத்துக்குத்தான் நிண்டிருக்கும். வெப்பமானியின்ரை முனை அடித்தகட்டிலை முட்டினால் அது தகட்டின்ரை சூட்டைத்தான் காட்டும். 40 லீற்றரைத் தட்டைச் சட்டியில் வத்த வைக்கிறது சரி, ஆவி கெதியாய்ப் போகும். ஆனால் கடைசி இரண்டு லீற்றரை ஒடுக்கமான ஆழப் பானைக்கு மாத்திப்போட்டு, முனை நடுவிலை நிக்கிறமாதிரிப் பிடிச்சு அளக்கவேணும்.

இன்னொண்டு. 104 எண்டதை மனப்பாடம் பண்ணாதையுங்கோ. தண்ணி கொதிக்கிற பாகைக்கு மேலை 4 பாகை எண்டதுதான் கணக்கு. காற்றழுத்தம் மாறினால் தண்ணி கொதிக்கிற பாகையும் மாறும், மலிவான வெப்பமானி ஒண்டிரண்டு பாகை பிழையாயும் காட்டும். அண்டைக்கண்டைக்கு ஒரு குவளை வெறுந்தண்ணியைக் கொதிக்கவைச்சுப் பாருங்கோ. 99.5 காட்டினால் உங்கட பாணி 103.5இல் முடியும். நான் இப்ப அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீற்றரைத்தான் நம்புறன். அதுக்காகக் கூடவும் காய்ச்சவேண்டாம், 69 பிரிக்ஸ் தாண்டினால் போத்தல் அடியிலை கற்கண்டு விளையும்.

மூன்றாம்தெரு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், அடுத்த வருஷம் தொடங்க நினைக்கிறேன். ஊரில் பனையில் இறக்கும் கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். இந்த வாளிக்கும் தடவலாமா?

குளிர்தேசம்:
வேண்டாம் தம்பி. பனைக்கு அது வேணும், அங்கை முட்டி வெக்கைக்குள்ளை தொங்குது. இங்கை குளிரே காவல். சேர்ந்த நீரை 4 பாகைக்குக் கீழை வைச்சு, வாளியைச் சுத்தி உறைபனியைக் குவிச்சு, இரண்டு மூண்டு நாளுக்குள்ளை காய்ச்சிப்போட்டால் புளிக்காது. சுண்ணாம்பு போட்டால் பாணி கறுத்து, சுவையும் மாறும். அதோடை மணலே கல்சியம், அதுக்குள்ளை இன்னும் கல்சியமோ?

இரவிலை வாளி மேலாலை உறைஞ்சால் அந்தப் பனிக்கட்டியைத் தூக்கி எறியுங்கோ. அதிலை பெரும்பாலும் வெறுந்தண்ணிதான், உறையாத பக்கத்திலைதான் சீனி நிக்கும். அந்தளவு எரிவாயு மிச்சம்.

காவேரிக்கரை:
வீட்டு முன்பக்கத்து மரம் என்றால் முதலில் நகராட்சியிடம் கேளுங்கள். நடைபாதையை ஒட்டி நிற்கும் மரம் பல நேரம் உங்களுடையதாகவே இருக்காது. மரம் குறைந்தது 25, 30 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும், இரண்டு குழாய்க்கு இன்னும் பெரியது. துளை 5/16 அங்குலம், ஆழம் 4 முதல் 5 சென்டிமீட்டர், சற்று மேல்நோக்கி, நீர் வழிந்து வெளியே வருமாறு. ஈயப் பற்றுள்ள பழைய தகர வாளிகள் அழகாகத்தான் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி போதும். பருவம் முடிந்ததும் குழாயை எடுத்துவிடுங்கள், துளையை அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும்.

பின்வளவு:
நல்ல விளக்கம், நன்றி. பூஞ்சணம் பிடிச்ச இரண்டையும் என்ன செய்ய? கடைசி நாளில் எடுத்த வாளி ஒண்டும் கிடக்குது, மஞ்சளாய்க் கலங்கி, ஒரு மாதிரி மணக்குது.

குளிர்தேசம்:
பழைய பண்ணைக்காரர் பூஞ்சணத்தை வழிச்சு எறிஞ்சுபோட்டு, திருப்பிக் கொதிக்கவைச்சு வடிச்சுப் பாவிப்பினம். நானும் அப்பிடித்தான் செய்தனான், ஒண்டும் ஆகேல்லை.

காவேரிக்கரை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொதிக்க வைத்தால் பூஞ்சணம் சாகும், ஆனால் சில பூஞ்சணங்கள் விட்டுப்போகும் நச்சு சூட்டில் அழியாது. 66 பிரிக்ஸ் உள்ள கெட்டிப் பாணியில் மேலே ஒரு புள்ளி என்றால் அது வேறு பேச்சு. இது தண்ணீர்ப் பாணி, குழந்தைகள் உள்ள வீடாகவும் இருக்கலாம். கொட்டிவிடுங்கள்.

அந்த மஞ்சள் வாளியும் வேண்டாம். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் முடிந்து மொட்டு வீங்கத் தொடங்கினால் நீரின் சுவையே கெட்டுவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் அந்த மணம் போகாது, இன்னும் செறிவாகத்தான் வரும்.

குளிர்தேசம்:
வாளி விசயத்தில் நூற்றுக்கு நூறு சரி. பூஞ்சணத்தில் உங்களோடை சண்டை பிடிக்கேல்லை, இரண்டு போத்தல்தானே.

மிச்சப் போத்தல்களை ஒண்டாய்ப் பானையில் விட்டு அடர்த்திக்குக் கொண்டுவாங்கோ. பொங்கி வந்தால் ஒரு சொட்டு வெண்ணெய் போட அடங்கும். அடர்த்தி வந்த பிறகு வடியுங்கோ. வடிச்ச பிறகு மட்டும் திருப்பிக் கொதிக்கவிடாதையுங்கோ, புதுசாய் மணல் இறங்கும். 85 பாகைக்குக் குறையாமல் சூடாய் வைச்சு, கொதிதண்ணியிலை சுத்தம் பண்ணின போத்தலில் ஊத்தி, மூடி இறுக்கி, கொஞ்ச நேரம் சரிச்சு வையுங்கோ. மூடியின்ரை உள்பக்கமும் அந்தச் சூட்டிலை சுத்தமாகும்.

பின்வளவு:
செய்தாச்சு. வெறுந்தண்ணி என்ரை வெப்பமானியில் 101இல் கொதிச்சது, அதாலை 105 மட்டும் விட்டன். கம்பளி வடியிலை இறங்க விடியவிடியப் பிடிக்கும் எண்டு நினைச்சன், சூடாய் விட்டதாலை கெதியாய் முடிஞ்சுது. வடியின்ரை அடியிலை சாம்பல் களி மாதிரி ஒரு கரண்டி. மிஞ்சினது அரை லீற்றரைக் கொஞ்சம் தாண்டும், நிறம் முந்தினதைவிடக் கடுமை. மனிசி இப்பதான் இதைப் பாணி எண்டு ஒத்துக்கொண்டவ. திறந்த போத்தலைத் தட்டிலை வைக்கலாமோ?

குளிர்தேசம்:
திறக்காததை வைக்கலாம். திறந்தால் குளிர்சாதனப்பெட்டிதான்.