வீட்டுச் சிகிச்சையில் முதியோர் கொடுமை: பார்த்துக்கொள்பவர் பக்கத்திலேயே நின்றால் எப்படிக் கேட்பது?

கேள்வி:
60 வயது தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்குப் போகும் நாங்கள் இதைக் கேட்டாக வேண்டும். ஆனால் பெரியவரிடம் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார். என்ன வழி?

பதில் 1:
தனிமையைச் சலுகையாகக் கேட்காதீர்கள், வழக்கமாக்கிவிடுங்கள். "எல்லா வீட்லயும் முதல்ல பத்து நிமிஷம் நோயாளிகிட்ட தனியாப் பேசுவோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இருவராகப் போனால் ஒருவர், பழைய மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்க பார்த்துக்கொள்பவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போகலாம். அப்படியும் நகர மறுத்தால் அதையே குறித்து வையுங்கள்.

கேட்பதற்கு 'ஈஸி' (EASI) என்ற, முதியோர் கொடுமை நடக்கிறதா என்று சந்தேகிக்க உதவும் ஆறு கேள்விப் பட்டியல் இருக்கிறது. இரண்டு நிமிஷம் போதும். கடந்த 12 மாதங்களைப் பற்றியது. முதல் கேள்வி, குளிக்க, சாப்பிட, வங்கிக்குப் போக யாரையாவது நம்பியிருக்கிறாரா என்பது. அதற்கு 'ஆமாம்' என்றால் பயமில்லை. அடுத்த நான்கும்தான் முக்கியம்: சாப்பாடு, மருந்து, கண்ணாடி, காதுக்கருவி கிடைக்காமல் தடுத்தார்களா; அவமானப்படுத்தினார்களா, மிரட்டினார்களா; கையெழுத்தோ பணமோ கட்டாயப்படுத்தி வாங்கினார்களா; அடித்தார்களா, விரும்பாத விதத்தில் தொட்டார்களா. ஆறாவது நீங்களே கவனிப்பது. 2 முதல் 6 வரை ஒன்றில் 'ஆமாம்' வந்தாலும் மேலே விசாரியுங்கள்.

பதில் 2:
மறதி முற்றியவரிடம் அந்தப் பட்டியல் செல்லாது. அங்கே உடம்பும் வீடும்தான் பேசும். தானாக இடித்துக்கொண்ட ரத்தக்கட்டு பெரும்பாலும் கை கால்களில் இருக்கும். முகத்திலோ முதுகிலோ 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உஷார். நிறத்தை வைத்து நாள் கணக்குச் சொல்லாதீர்கள். மஞ்சள் முதல் நாளிலேயே வரலாம். மணிக்கட்டைச் சுற்றி வளையமாகத் தடம் இருந்தால் கட்டிவைத்தார்களா என்று பாருங்கள். அறைக் கதவில் வெளித்தாழ்ப்பாள் இருக்கிறதா?

மாத்திரையை எண்ணாமல் வராதீர்கள். தினம் ஒன்று என்று 30 தூக்க மாத்திரை வாங்கிப் பத்து நாள் ஆனால் 20 இருக்கணும். 10தான் இருந்தால் இரட்டிப்பாகப் போகிறது. அவரை அசையாமல் படுக்கவைக்கத்தான் கொடுக்கிறார்களா என்று யோசியுங்கள். அதே கணக்கில் வாங்கிய ரத்தக்கொதிப்பு மாத்திரை 30-ல் 28 மீந்திருந்தால் அது வேறு கதை: பெரும்பாலான நாள் கொடுக்கவே இல்லை.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்பவரை அந்த வீட்டில் வைத்தே கேட்டுவிடாதீர்கள். நீங்கள் கிளம்பியதும் கோபம் அந்தப் பெரியவர் மேல்தான் இறங்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். மற்றபடி வெளியே வந்து மேலதிகாரியிடம் சொல்லி, உங்கள் ஊர்ச் சட்டப்படி புகார் கொடுங்கள்.

குறிப்பில் 'கொடுமை' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். காயத்தின் இடம், சென்டிமீட்டரில் அளவு, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. படம் எடுப்பதானால் சம்மதம் வாங்கி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். அந்தக் குறிப்பின் நகலை மட்டும் வீட்டுக் கோப்பில் வைக்காதீர்கள், பார்த்துக்கொள்பவர் படிப்பார்.