படிகளைக் கடந்த பிறகு

எங்கள் வழிபாட்டுத் தலத்தின் வாசலில் ஏழு படிகள். நான் சக்கர நாற்காலியில் வரத் தொடங்கிய முதல் சில மாதங்கள், நான்கு இளைஞர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். அவர்களுடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் எல்லோரும் பார்க்க அந்தரத்தில் தொங்கியபடி உள்ளே போகிறவருக்கு அதன் பிறகு பிரார்த்தனையில் மனம் குவிவதில்லை. பின்னர் நிர்வாகக் குழுவினர் மூன்று மீட்டர்ப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டார்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு அது சறுக்குமரம்தான். உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் என்பதே சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு என்பதால், எங்களுக்கு 12 மீட்டரும், நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளமும் தேவைப்பட்டன.

"இவ்வளவும் ஒருவருக்காகவா?" என்று கூட்டத்தில் கேள்வி எழுந்தது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்துள்ள இடங்களின் அணுகல்வசதியை வலியுறுத்துகிறது என்று எடுத்துச் சொன்னேன். அது எவரையும் அசைக்கவில்லை. மூட்டுவலியுள்ள மூதாட்டிகள் மூவர் எழுந்து "எங்களுக்கும் வேண்டும்" என்றதும் தீர்மானம் நிறைவேறியது.

சாய்தளம் பக்கவாசலில் அமைந்தது. அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே மேலும் ஓராண்டு கழிந்தது. உள்ளே சென்ற பின்பும், அறிமுகமில்லாத ஒருவர் என்னிடம் கேளாமலே தலையில் கைவைத்து, நான் எழுந்து நடக்க வேண்டுமென்று மன்றாடினார். அன்று நான் வந்திருந்தது, மறுநாள் தேர்வெழுதவிருந்த என் மகளுக்காக வேண்டிக்கொள்ள.

* * *

மேலே எழுதியவரின் சாவிக் கதையைப் படித்துச் சிரித்தேன்; எங்கள் கூடத்திலும் அப்படியொன்று உண்டு. நான் காதொலிக் கருவி அணிபவன். எனக்குக் கேட்கவில்லை என்றதும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள். உயரமான கூரையில் மோதித் திரும்பிய எதிரொலியும் சேர்ந்து கூடியதால், இருந்த தெளிவும் போயிற்று. பின்னர் கூடத்தைச் சுற்றிக் கம்பிவளையம் ஒன்றைப் பதித்தார்கள். காதொலிக் கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றினால், ஒலிவாங்கியில் பேசுபவரின் குரல் இடையிலுள்ள இரைச்சல் இன்றி நேரே காதுக்கு வந்துவிடும். ஆனால் அந்த இணைப்பின் சுவிட்சைப் போட வேண்டும் என்பது பொறுப்பாளருக்குப் பாதி நாள் நினைவிருப்பதில்லை. "உங்களுக்குக் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் வேண்டுவது இறைவனுக்குக் கேட்கும்" என்று அவர் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர்தான்.

* * *

என் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. திடீரென எழும் கூட்டுப்பாடல் அவனால் தாங்க முடியாதது. அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தும்போது திரும்பிப் பார்க்கும் முகங்கள் என்னால் தாங்க முடியாதவை. இரண்டு இடங்களில் எங்களை மென்மையாக வெளியே அனுப்பினார்கள். இப்போது செல்லும் இடத்தில், எதன்பின் எது வரும் என்ற வழிபாட்டு வரிசையைப் படங்களாக வரைந்து முன்கூட்டியே தந்துவிடுகிறார்கள். கதவோரத்தில் எங்களுக்கென்று ஓர் இருக்கையும் உண்டு. அதைவிடப் பெரிதாக நான் கருதுவது, பாடல் புத்தகங்களைத் திரட்டி அடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்ததைத்தான். மொத்தம் 60 புத்தகங்கள். சென்ற வாரம் ஒன்று குறைந்தது. அது ஒருவரின் பைக்குள்ளிருந்து வெளிவரும்வரை அவன் எவரையும் வீட்டுக்குப் போக விடவில்லை.