புதுப்பிப்பு: ஊட்டிக் குளிரில் அம்மாவின் கால்

டிசம்பர் கடைசியில் கேட்டிருந்தேன்: ஊட்டியில் இருக்கும் அம்மாவுக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது, முழங்காலுக்குக் கீழே ஓயாத அரிப்பு, கால்விரல்கள் சிவந்து வீங்குகின்றன, என்ன செய்யலாம் என்று. ஆறு வாரம் ஆகிவிட்டது. வெடிப்பு மூடிவிட்டது, வலியில்லாமல் நடக்கிறார்.

விரல் வீக்கமும் வறட்சிதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது சில்பிளெய்ன் என்றார் தோல் மருத்துவர். குளிரில் சுருங்கிய சின்ன ரத்தக்குழாய்கள் திடீர்ச் சூட்டில் சரியாக ஈடுகொடுக்க முடியாமல் அந்த இடம் வீங்கி அரிக்குமாம். அம்மா காலையில் பனியில் நனைந்த காலோடு வந்து நேரே கரி அடுப்பில் கால் காட்டுவார். அதை நிறுத்தினோம். இப்போது கால்களை நன்றாகத் துடைத்து, கம்பளிக் காலுறை போட்டு, மெதுவாகத்தான் சூடேற விடுகிறோம்.

குதிகாலுக்கு மருத்துவர் தந்த யூரியா களிம்பு, இரவில் பருத்திக் காலுறை. கல்லால் தேய்ப்பதை விட்டுவிட்டோம், அதுதான் வெடிப்பை ஆழமாக்கியது.

அரிப்புக்குக் காரணம் கொதிக்கக் கொதிக்கக் குளித்ததும் சோப்பும். இப்போது வெதுவெதுப்பான நீரில் பத்தே நிமிடம், ஈரம் காயுமுன் வாசலின். தேங்காய் எண்ணெய் சொன்னவர்களுக்கு நன்றி, அதுவும் உதவுகிறது. ஊட்டியில் உறைந்துவிடுவதால் உள்ளங்கையில் உருக்கித்தான் தடவ வேண்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வெடிப்பை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.