பச்சை போர்டு கடைக்குள் எது ஆர்கானிக்?

பெரம்பூரிலிருந்து:

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பல கிளைகள் உள்ள ஒரு இயற்கை அங்காடி இருக்கிறது. பெயர் வேண்டாம். வாசலில் பச்சை போர்டு, உள்ளே ஓலைப்பெட்டி, மண்பானை, சுவரில் இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் படம். இவ்வளவு இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆர்கானிக் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அம்மாவுக்குக் கருப்பு கவுனி வாங்கப் போயிருந்தோம். அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் அம்மா, "ஏம்மா, இதுக்கு சர்டிபிகேட் எல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

மழுப்புவார் என்று நினைத்தேன். "இந்த அரிசிக்கு இல்ல ஆன்ட்டி. அந்த ரேக்ல பாக்கெட்ல இருக்கிற பருப்பு, மாவுக்குத்தான் இருக்கு. லோகோ பார்த்து எடுங்க" என்றார். போர்டு எழுதியவரைவிட இந்தப் பெண் நேர்மையானவர்.

அவர் சொன்ன லோகோ 'ஜைவிக் பாரத்'. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த விதிகள்படி ஆர்கானிக் என்று விற்கும் உணவுக்குச் சான்று வேண்டும். சான்று வாங்க இரண்டு வழி. ஒன்று, 2001 முதல் இருக்கும் என்.பி.ஓ.பி., அதாவது மத்திய அரசின் ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். இதில் வெளி நிறுவனம் ஒன்று வந்து நிலத்தையும் கணக்கையும் சோதிக்கும். நம் மாநிலத்தில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறையும் இதைச் செய்கிறது, தலைமையிடம் கோவை. இன்னொன்று பி.ஜி.எஸ்., விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. இதில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று இருந்தால் நிலம் இன்னும் ஆர்கானிக் முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என்.பி.ஓ.பி.யில் நெல், பயறு மாதிரி பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், மா, தென்னை மாதிரி மரப்பயிருக்கு அறுவடைக்கு முன் 3 வருடம் ரசாயனம் இல்லாமல் நிலத்தை வைத்திருக்க வேண்டும். விலை ஏன் ஏறுகிறது என்பது இதில் பாதி புரியும்.

அரிசிப் பகுதியில்தான் குழப்பம் அதிகம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி எல்லாம் பாரம்பரிய ரகம், அவ்வளவுதான். யூரியா போட்டும் விளைவிக்கலாம். எண்ணெய்ப் பகுதியில் 'மரச்செக்கு' என்பது ஆட்டிய விதத்தைச் சொல்கிறது. உள்ளே போன கடலை எந்த வயலில் எப்படி விளைந்தது என்று அதில் ஒன்றும் இல்லை. நாட்டுக்கோழி முட்டையும் அப்படியே. கோழி தின்ற தீவனமும் ஆர்கானிக்காக இருந்தால்தான் முட்டையை அப்படிச் சொல்லலாம். சோப்பு, ஷாம்பு அலமாரிக்கு இந்த விதிகளே பொருந்தாது, அவை உணவு இல்லையே.

காய்கறிக் கூடையில் ஓட்டை விழுந்த கத்தரிக்காயைக் காட்டி, "பாருங்க சார், மருந்தே அடிக்கல" என்பார்கள். சான்று பெற்ற வயலிலும் வேப்ப எண்ணெய் மாதிரி சிலவற்றை அடிக்க அனுமதி உண்டு. ஓட்டையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காசிமேட்டிலிருந்து:

எங்கள் ஏரியாவைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே! வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் ஃப்ரீசரில் 'ஆர்கானிக் வஞ்சிரம்' என்று ஸ்டிக்கர் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் நின்ற எங்க சித்தப்பா படகில் மீன் பிடிக்கப் போகிறவர். "ஏம்பா தம்பி, கடல்ல அது என்ன தின்னுச்சுன்னு நீ கூடவே போய்ப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டார். கடைப் பையன் பாவம், ஸ்டிக்கர் ஒட்டியது அவன் இல்லை. குளத்தில் தீவனம் போட்டு வளர்க்கும் மீனுக்கு ஆர்கானிக் தரம் வைக்கலாம், கடலில் பிடித்த மீனுக்கு அந்தச் சான்று கிடையாது. நல்ல மீன் வேண்டுமென்றால் விடியற்காலையில் துறைமுகத்துக்கு வாங்க, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்க.

அதே கடையில் 'ஆர்கானிக் உப்பு'ம் இருந்தது. உப்பு விவசாய விளைபொருளே இல்லை. ஊறுகாய் மாதிரி தயாரித்த பொருளில் 95 சதவீதம் ஆர்கானிக்கா என்று பார்க்கும்போதுகூட உப்பையும் தண்ணீரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கொளத்தூரிலிருந்து:

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். லோகோ இல்லாததெல்லாம் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருட விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி, தன் விளைச்சலைத் தானே நேராக நம்மிடம் விற்றால் சான்று கட்டாயம் இல்லை. லோகோவும் போட முடியாது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கீரை கொண்டுவரும் அண்ணன் இந்த வகைதான். "வந்து வயலைப் பாருங்க" என்று அவரே கூப்பிடுவார், சிலர் போயும் பார்த்தார்கள். ஆனால் அதே கீரையை ஒரு கடை வாங்கி வைத்து விற்றால் அந்தச் சலுகை ஒட்டாது.

பெரம்பூர் நண்பருக்கு ஒரு கேள்வி: கவுனி அரிசியை கடைசியில் வாங்கினீர்களா?

பெரம்பூரிலிருந்து:

வாங்கினோம். அம்மாவுக்கு அதில் செய்யும் கஞ்சி பிடிக்கும். அந்தப் பெண்ணிடம் அரிசி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறோம், மேனேஜரிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.