ரோமில் வேலைநிறுத்தம், வெள்ளிக்கிழமை விமானம் ரத்து: பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானம் கேட்பதா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் தங்கையும் இப்போது ரோமில், டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மலிவு விடுதியில் தங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து பாரிஸ் செல்ல, குறைந்த கட்டண விமானம் ஒன்றில் மாதக்கணக்கில் முன்னதாகவே சீட்டு வாங்கியிருந்தோம். சனிக்கிழமை இரவு பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து தோகா வழியாகச் சென்னை திரும்ப வேண்டும். அந்தச் சீட்டு வேறொரு நிறுவனத்தினுடையது, தனியாக வாங்கியது.

இன்று, புதன்கிழமை மாலை, விமான நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. தங்கள் விமானப் பணியாளர்கள் வெள்ளியன்று வேலைநிறுத்தம் செய்வதால் எங்கள் விமானம் ரத்து என்றும், முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் அல்லது ஞாயிற்றுக்கிழமை காலை விமானத்துக்குக் கட்டணமின்றி மாறிக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருந்தால் சென்னை விமானம் போய்விடும். பணத்தைத் திரும்பப் பெற்றாலோ, மூவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் தொகை, சனிக்கிழமை காலையில் வேறு நிறுவனம் கேட்கும் ஒருவர் கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. ஆகவே ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் ஓடும் பேருந்தில் பாரிஸுக்கு அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே வெள்ளிக்கிழமை ரயில்களும் நகரப் பேருந்துகளும் ஓடா என்று விடுதியில் சொல்கிறார்கள். விசாவில் எங்களுக்கு அளித்திருக்கும் நாட்களும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. கையில் இருப்பது அளவான பணம். இந்தச் செய்திக்கு நான் என்ன பதில் அளிக்க வேண்டும்? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்களுக்கும் ஐரோப்பியப் பயணிகளுக்குரிய பாதுகாப்பு உண்டா?

மலைக்கோட்டை

சகோதரி, முதலில் ஒன்று: செயலியில் உள்ள இரண்டு பொத்தான்களில் எதையும் இப்போது அழுத்தாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்ட அந்த நொடியிலேயே, உங்களைப் பாரிஸ் கொண்டு சேர்க்கும் கடமையும், இடைப்பட்ட நேரத்தில் உணவும் தங்குமிடமும் தரும் கடமையும் நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கிவிடுகின்றன. குறைந்த கட்டணச் சீட்டு வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஏனென்றால் அவர்கள் செலுத்திய தொகை சிறிது, கடைசி நேரத்தில் புதிதாகச் சீட்டு வாங்க ஆகும் தொகை பெரிது.

உங்களைக் காப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண்ணுள்ள விதிமுறை. ஒன்றிய நாடுகளின் நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். பயணியின் குடியுரிமையை அது பார்ப்பதில்லை. விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, சேரவேண்டிய இடத்துக்கு இயன்ற அளவு விரைவாக மாற்றுப் பயணம் பெறுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு உரியது. "இயன்ற அளவு விரைவாக" என்பது அந்நிறுவனத்தின் சொந்த விமானத்தில் மட்டும் என்று பொருள்படாது. தங்களிடம் ஞாயிறன்றுதான் இடம் இருக்கிறது, வேறு நிறுவனத்தில் சனிக்கிழமை காலையிலேயே இடம் இருக்கிறது என்றால், அந்த வேறு நிறுவனத்தின் இருக்கையைத் தர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு. இந்த விதிமுறைக்கு ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டிருக்கும் விளக்க வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, அதாவது நாளை வியாழக்கிழமையே, அந்த நிறுவனத்தின் பாரிஸ் விமானம் ஏதேனும் இருந்தால் அதில் மாற்றித் தரச் சொல்லுங்கள். பயணத்தைப் பின்னுக்குத் தள்ளுவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள். முன்னுக்குக் கொண்டுவருவது பல வேளைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பாரிஸின் மற்றொரு விமான நிலையமான ஆர்லியில் இறங்க வேண்டியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். நீங்கள் முதலில் எடுத்த சீட்டு எந்த நிலையத்துக்கு உரியதோ அங்கே போய்ச் சேரும் செலவு விமான நிறுவனத்தைச் சேர்ந்தது.

செயலியில் பேசும் தானியங்கி உதவியாளரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. ஃபியுமிச்சினோவில் அந்த நிறுவனத்தின் பயணிகள் சேவை முகப்பு இருக்கும். நாளை காலையே மூவரின் சீட்டுகளோடும், சனிக்கிழமை காலியிடம் காட்டும் திரைப்பதிவோடும் நேரில் செல்லுங்கள். அவர்கள் மறுத்தால், மறுத்த நேரத்தையும் சொன்ன காரணத்தையும் குறித்துக்கொண்டு, அதையே அவர்களுடைய இணையப் படிவத்தில் எழுத்தில் அனுப்புங்கள். அதன் பிறகு நியாயமான விலையில் நீங்களே சீட்டு வாங்கிக்கொண்டு, பின்னர் அந்தத் தொகையைக் கோருவதற்கு அந்த எழுத்து ஆதாரம் உதவும். உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் தேவையான, பொருத்தமான, நியாயமான செலவைத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல், ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோன வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. ஒவ்வொரு இரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

இழப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். ரோம் முதல் பாரிஸ் வரையிலான தூரம் 1,500 கிலோமீட்டருக்குள் இருப்பதால், பதினான்கு நாட்களுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யப்பட்ட விமானத்துக்கு ஒருவருக்கு 250 யூரோ கோரலாம். மாற்று விமானம் பழைய நேரத்துக்கு மிக நெருக்கமாக அமைந்தால் அதைப் பாதியாகக் குறைக்கவும் விதியில் இடமுண்டு. வேலைநிறுத்தம் என்றாலே இழப்பீடு கிடையாது என்று முகப்பில் சொல்லக்கூடும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அது பொருந்தும். ஆனால் நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்கள் ஊதியத்துக்காகவும் பணி நிலைமைக்காகவும் செய்யும் வேலைநிறுத்தம், இழப்பீட்டிலிருந்து விலக்குத் தரும் அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. உங்களுக்கு வந்த செய்தியில் "தங்கள் விமானப் பணியாளர்கள்" என்றே இருக்கிறது. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

பண்ணைப்பாலம்

அன்புத் தங்கைக்கு, நான் நெடுங்காலமாக இத்தாலியில் வாழ்கிறேன். வேலைநிறுத்த நாளில் இந்த நகரம் எப்படி இயங்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விடுதியில் சொன்னதுபோல எல்லாமே நின்றுவிடாது. இன்றியமையாச் சேவைகளில் வேலைநிறுத்தம் செய்வதை இங்கே 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. முன்னறிவிப்பு தரவேண்டும், குறிப்பிட்ட நேரங்களில் குறைந்தபட்சச் சேவை நடக்கவேண்டும். ரோம் நகரப் பேருந்துகளும் மெட்ரோவும் வழக்கமாகக் காலை எட்டரை மணி வரையும், மாலை ஐந்து முதல் எட்டு மணி வரையும் ஓடும். வட்டார ரயில்களுக்கு வேலைநாட்களில் உறுதிசெய்யப்பட்ட நேரம் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஒன்பது. விமானங்களுக்கும் காலை ஏழு முதல் பத்து, மாலை ஆறு முதல் ஒன்பது என்று காக்கப்பட்ட நேரம் உண்டு. அந்த நேரங்களில் வேறு நிறுவனங்களின் பாரிஸ் விமானம் எதுவும் இருக்கிறதா என்பதையும் முகப்பில் கேளுங்கள்.

நீங்கள் கவனிக்கவேண்டியது வியாழக்கிழமை இரவு. ரயில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். நாளை விமான நிலையம் போய்த் திரும்புவதானால் அதற்கு முன்பே அறைக்கு வந்துவிடுங்கள். டெர்மினியிலிருந்து நேராகச் செல்லும் லியனார்தோ எக்ஸ்பிரஸுக்கு ஒருவருக்கு 14 யூரோ; ட்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தீனா நிலையங்கள் வழியாகச் செல்லும் எஃப்எல்1 வட்டார ரயிலுக்கு 8 யூரோ. டெர்மினியின் பக்கவாட்டுத் தெருவிலிருந்து புறப்படும் தனியார் பேருந்துகள் அதைவிடவும் மலிவு. அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்; ஒருவர் மட்டும் எல்லாருடைய ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

வெள்ளிக்கிழமை ரோமிலேயே தங்க நேர்ந்தால் மனம் தளரவேண்டாம். டெர்மினியிலிருந்து மெதுவாக நடந்தாலே சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம் வந்துவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே அமர்ந்து இளைப்பாறலாம். 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நிலையத்துக்கு அருகிலேயே எஸ்குயிலீனோ சந்தை உள்ளது. நமது சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மசாலாப் பொருட்கள் எல்லாம் அங்கே கிடைக்கும் என்பதால், விடுதியில் சமையலறை இருந்தால் உணவகச் செலவு பெருமளவு குறையும். தெருவெங்கும் ஓயாமல் நீர் வழியும் இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். 1870-களிலிருந்து நகராட்சி நடத்திவருகிற அந்த நீர் குடிப்பதற்கு உகந்தது. கடையில் தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

அன்று வாடகைக் கார் எடுக்க நேர்ந்தால், விமான நிலையத்துக்கும் பழைய நகர மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கும் இடையே நகராட்சி நிர்ணயித்த நிலையான கட்டணம் உண்டு. டெர்மினி அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. தொகை காரிலேயே எழுதியிருக்கும். ஏறும் முன் அதைச் சுட்டிக்காட்டி உறுதி செய்யுங்கள். மூவர் பகிர்ந்தால் அது ரயிலைவிட மிக அதிகமாக இராது.

அடையாறு

மேலே இருவரும் சொன்னவற்றோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாத்தாளில் இரண்டு தனித்தனி எல்லைகள் இருக்கின்றன: விசா செல்லுபடியாகும் கடைசித் தேதி ஒன்று, தங்க அனுமதித்த நாட்களின் எண்ணிக்கை மற்றொன்று. தேதியில் பொதுவாகப் பதினைந்து நாள் அவகாசம் சேர்த்துத் தருவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கவலையின்றி இருந்துவிடுகிறார்கள். ஆனால் நாட்களின் எண்ணிக்கையையும் மீறக்கூடாது. அதில் நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேரும். சனிக்கிழமை இரவு பாரிஸில் வெளியேற்றப் பதிவு நள்ளிரவுக்கு முன் விழுமா, பின் விழுமா என்பதுவரை எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே நாள் மீறும் நிலை வந்தால், தங்களுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வெளியேற இயலாதவருக்குக் கட்டணமின்றி நீட்டிப்புத் தர விசா விதித்தொகுப்பின் 33-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இத்தாலியில் அதற்குக் க்வெஸ்தூரா எனப்படும் காவல் துறை அலுவலகத்தை அணுகவேண்டும். காலம் முடிவதற்கு முன்பே விமான ரத்துச் செய்தியின் அச்சுப்படியுடன் செல்வது மிக அவசியம்.

இரண்டாவது, சென்னைச் சீட்டு. அது தனிச்சீட்டு என்பதால், பாரிஸுக்கு நீங்கள் தாமதமாக வந்தாலும் வராமலே போனாலும் அந்த நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. சொல்லாமல் வராதவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் சீட்டின் மதிப்பு முழுதும் போகக்கூடும். ஆகவே நாளைக்கே அவர்களை அழைத்து, தேதியை மாற்ற ஆகும் தொகையைக் கேளுங்கள். அதோடு, பாரிஸுக்குப் பதிலாக ரோமிலிருந்தே தோகாவுக்குப் புறப்படும்படி மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். தோகாவுக்கு ரோமிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. என் கணிப்பில், மாற்றுவதற்கான தொகை மூவருக்குப் புதிய பாரிஸ் சீட்டுகள் வாங்குவதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே உங்கள் அம்மாவுக்கு உகந்த வழி. பாரிஸைப் பார்க்காமல் திரும்புகிறோமே என்ற வருத்தத்தை அதற்காகத் தாங்கிக்கொள்ளலாம்.

விசாவுக்காக நீங்கள் எடுத்த பயணக் காப்பீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். விசாவுக்குத் தேவைப்படுவது 30,000 யூரோ மருத்துவக் காப்பு மட்டுமே என்றாலும், இந்தியாவில் விற்கப்படும் பல திட்டங்களில் பயணத் தாமதத்துக்கும் தவறவிட்ட இணைப்பு விமானத்துக்கும் தனித்தொகை இருக்கிறது. அதைக் கோர, ரத்தின் காரணத்தைக் குறிப்பிடும் கடிதம் விமான நிறுவனத்திடமிருந்து வேண்டும். நாளை முகப்பில் இருக்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்று காலை தங்கையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஃபியுமிச்சினோ சென்றேன். இன்றைய விமானங்களில் மூவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு வழியே இல்லை என்று முகப்பில் முதலில் உறுதியாகச் சொன்னார்கள். விதிமுறையின் எண்ணைக் குறிப்பிட்டு, சனிக்கிழமை காலை வேறு நிறுவனத்தில் இடம் காட்டும் திரையை நீட்டி, மறுப்பதானால் எழுத்தில் தாருங்கள் என்று கேட்ட பிறகு மேலாளர் ஒருவர் வந்தார். நெடுநேரம் காத்திருந்தபின் சனிக்கிழமை காலை ஆர்லி செல்லும் விமானத்தில் மூவருக்கும் இடம் தந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு தங்குவதற்கு விடுதி ஏற்பாடு இல்லை, இரசீது அனுப்பினால் பரிசீலிப்போம் என்றார்கள். அந்தப் பதிலையும் ரத்துக் கடிதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். விசா நாட்களை எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை நள்ளிரவுக்கு முன் வெளியேற்றப் பதிவு விழுந்தால் எல்லைக்குள் இருக்கிறோம்.

இனி ஒரே ஐயம்: ஆர்லியிலிருந்து சார்ல் தெ கோலுக்கு, பெட்டிகளோடும் அம்மாவோடும், அதிகச் செலவில்லாமல் எப்படிச் செல்வது?

மலைக்கோட்டை

மிக நல்லது, சகோதரி. ஆர்லியிலிருந்து ஆன்டனி நிலையத்துக்கு ஆர்லிவால் என்னும் சிறு ரயில் செல்கிறது. அங்கே இறங்கி ஆர்இஆர் பி என்னும் புறநகர் ரயிலில் ஏறினால் நகரத்தைக் கடந்து நேராக சார்ல் தெ கோல் வரை போகலாம். 2024 முதல் மெட்ரோ 14-ஆம் தடமும் ஆர்லி வரை வருகிறது. ஆனால் அதில் போனால் ஷாத்லே நிலையத்தின் நீண்ட சுரங்க வழிகளில் நடந்து ரயில் மாற வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அது சிரமம். சாதாரண மெட்ரோச் சீட்டு விமான நிலையங்களுக்குச் செல்லாது. அதற்குரிய தனிச்சீட்டை வாங்கி, மூவரின் இரசீதையும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் உங்கள் முதல் சீட்டு சார்ல் தெ கோலுக்கு உரியது என்றால் இந்தச் செலவும் விமான நிறுவனத்தைச் சேர்ந்ததே. ஆர்இஆர் பி தடத்தில் வார இறுதிகளில் பராமரிப்புப் பணிக்காகச் சில பகுதிகளை மூடுவதுண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை இரவே அந்தத் தடத்தின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, மூடியிருந்தால் மட்டும் வாடகைக் காரை யோசியுங்கள்.