பட்டாயா ஏ.டி.எம்மில் கார்டை விட்டுவிட்டு வந்தேன், உங்களுக்கு என்ன ஆச்சு?

2025 பிப்ரவரியில் நானும் மனைவியும் அம்மாவும் ஆறு நாள் பாங்காக், பட்டாயா போய் வந்தோம். பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில் வீட்டுக்குள் மூன்று கட்சி. அம்மா "ரொக்கமா கையில இருக்கணும்டா" கட்சி. மனைவி கிரெடிட் கார்டு கட்சி. நான், நம்ம ஊர் டெபிட் கார்டே போதும் என்ற கட்சி. கடைசியில் கூட்டணி ஆட்சிதான்: 600 டாலர் ரொக்கம், ஆளுக்கொரு கார்டு.

முதல் அடி ஏர்போர்ட்டிலேயே. பாங்காக்கின் சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுண்டர்களில் மாற்றாதீர்கள். கீழே இறங்கி, ரயில் ஏறும் தளத்துக்குப் போனால் நாலைந்து மணி சேஞ்சர்கள் வரிசையாக இருக்கிறார்கள், ரேட் நன்றாகவே வித்தியாசப்படும். போர்டில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், சில்லறை டாலருக்குக் குறைந்த ரேட். அம்மா சுருக்குப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு நோட்டில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த நோட்டை எனக்குக் கொடுத்ததே நம்ம ஊரில் வெளிநாட்டுப் பணம் விற்கும் பாரெக்ஸ் கடைதான். நான் எண்ணினேனே தவிர, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டாயாவில், மாற்றி வைத்திருந்த தாய்லாந்துப் பணமான பாட் தீர்ந்துவிட்டது. ஏ.டி.எம்முக்குப் போனேன். முதலில் கார்டையே ஏற்கவில்லை. 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் மூடித்தான் வரும், நாமே திறந்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது தெரிந்து கிளம்பும் முன்பே திறந்திருந்தேன், ஆனால் கடையில் தேய்ப்பதற்கு மட்டும். ஏ.டி.எம்முக்குத் தனி ஸ்விட்ச். அதையும் ஆப்பில் திறந்துவிட்டு 10,000 பாட் கேட்டேன். 220 பாட் கட்டணம் என்றது. வெளிநாட்டுக் கார்டு என்றால் அந்த மாதிரி ஒரு கட்டணம் உண்டு. அடுத்த திரையில்தான் வலை. எத்தனை ரூபாய் கழியும் என்று அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டி, "கன்வெர்ஷனோடு தொடரவா, இல்லாமல் தொடரவா" என்று கேட்கிறது. ரூபாயில் பார்த்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதியில் கன்வெர்ஷனை அமுக்கினேன். அன்றைக்கு நெட்டில் ஒரு பாட் 2.57 ரூபாய், மிஷின் போட்டது 2.75. பாட்டுக்கு 18 காசு என்றால் 10,220 பாட்டுக்கு 1,840 ரூபாய். அதற்கு மேல் என் பேங்க்கும் வெளிநாட்டுச் செலவுக்கென்று பிடிக்கும் தன் 3.5 சதவீத மார்க்அப்பையும் ஜி.எஸ்.டி.யையும் போட்டிருந்ததை ஊருக்கு வந்து ஸ்டேட்மென்டில்தான் பார்த்தேன். "இல்லாமல்" என்பதை அமுக்கினால் பணமே வராமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். இரண்டு நாள் கழித்து அதை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, பணம் வந்தது.

ஆனால் அன்றைக்குத்தான் கார்டு போனது. நம்ம ஊரில் பெரும்பாலும் கார்டை எடுத்தால்தான் பணம் வரும். அந்த மிஷின் பணத்தை முதலில் நீட்டியது. அம்மா பின்னால் நின்று "எண்ணிப் பாருடா" என்றார். ஓரமாக நகர்ந்து எண்ணினேன். மிஷின் இரண்டு தடவை கீச்சிட்டது. திரும்புவதற்குள் கார்டை உள்ளே இழுத்துக்கொண்டது. மனைவி போனின் ஹாட்ஸ்பாட்டில் ஆப்பைத் திறந்து பிளாக் செய்தேன். மீதி நாட்கள் மனைவியின் கிரெடிட் கார்டில் ஓடின. "உங்க கட்சி டெபாசிட் காலி" என்று அவள் சொன்னது பாங்காக் ஏர்போர்ட் வரை தொடர்ந்தது.

உங்கள் கதைகளையும் போடுங்கள்.

பதில் 1

அண்ணே, எனக்கு வியட்நாம். அங்கே பணத்துக்கு டாங் என்று பெயர், 20,000 டாங்கும் நீலம், 500,000 டாங்கும் நீலம். இரண்டுமே வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டு. ஒன்று நம்ம காசுக்கு 70 ரூபாய்கிட்ட, இன்னொன்று 1,700. ஹனோயில் ராத்திரி ரோட்டோரம் ஒரு பாட்டியிடம் கரும்புச் சாறு குடித்துவிட்டு, நீலத்தை நீட்டிவிட்டு நடந்துவிட்டேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். பாட்டி மூச்சு வாங்க ஓடிவந்து, நோட்டில் இருக்கும் சைபர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எனக்கு எண்ணிக் காட்டினார், முதல் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. அதிலிருந்து 500,000 நோட்டெல்லாம் பாஸ்போர்ட் பைக்குள். பேன்ட் பாக்கெட்டில் சில்லறை மட்டும்.

பதில் 2

நாங்கள் சிங்கப்பூர். ஹோட்டலில் செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்காக கார்டைக் கேட்டார்கள், யோசிக்காமல் டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டேன். 200 சிங்கப்பூர் டாலரைப் பிடித்து வைத்தார்கள். செலவாகாத பணம்தான், ஆனால் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாது. கோயம்புத்தூர் வந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் விடுபட்டது. கிரெடிட் கார்டாக இருந்தால் லிமிட்டில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்று. எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலில் நம்ம கார்டையே தட்டிப் போகலாம், வெளிநாட்டுக் கார்டுக்கு உபயோகிக்கிற நாளுக்கு 60 சென்ட் கூடுதல், பரவாயில்லை. ஆனால் உள்ளே போகும்போது போனைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது பிளாஸ்டிக் கார்டைத் தட்டாதீர்கள். ஒரே கார்டுதானே என்று நாம் நினைப்போம், மிஷினுக்கு அவை இரண்டு வேறு கார்டு, கட்டணம் கூடிவிடும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அப்படியே செய்துவிட்டு, "இங்க டிக்கெட் ரொம்ப அதிகம்" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பதில் 3

அந்தக் கிறுக்கல் டாலர் என்ன ஆச்சு? அம்மா என்ன சொன்னாங்க? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.

பதிவிட்டவர்

கிறுக்கல் டாலர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அடுத்த டூருக்காம். மிஞ்சின பாட் நோட்டுகளைத் திரும்ப மாற்றிவிட்டோம், நாணயத்தை எந்தக் கவுண்டரும் வாங்கவில்லை. அதில் 10 பாட் நாணயம் ஏழெட்டு அம்மா பர்ஸில் தங்கிவிட்டது. நடுவில் தங்க நிறம், சுற்றி வெள்ளி நிறம், நம்ம பத்து ரூபாய்க்கு நேர் எதிர். கண்ணாடி போடாமல் தெருவில் பூக்காரம்மாவிடம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம பத்து ரூபா காசையே ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க, நீங்க இது வேற கொண்டாந்துட்டீங்களா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.